மீண்டவர் வாக்குமூலம்: மரண விளிம்பும் தமிழ்த் திகில் கதையும்

(அரியமங்கலத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இலக்கியப் பொழிவுக்கு அழைத்தவர்களிடம் திரில்லரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு தயக்கம் ஓடியது. அதைப் பெருந்தன்மையோடு மறைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நன்றி. நான் மருத்துவன் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். தமிழ் படித்து, தமிழ் கற்பித்தவன். கதை எப்படி நம்மை நம்ப வைக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அந்த அளவில் பேசுகிறேன்.

நாம் அனைவரும் பார்த்த காட்சி ஒன்று உண்டு. மருத்துவமனைக் கட்டில். திரையில் ஓடும் கோடு நேர்கோடாகிறது. மருத்துவர் நெஞ்சை அழுத்துகிறார். கோடு மறுபடி துள்ளுகிறது. கண் விழித்தவருக்கு, இருபது ஆண்டுகளாக மறந்திருந்த ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. அந்த முகம்தான் கொலைகாரன். இடைவேளை.

இந்தக் காட்சிக்குள் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. சாவின் வாசல்வரை போனவர் பொய்யைப் பார்த்திருக்க மாட்டார் என்பது ஒன்று. மறந்துபோன நினைவு உள்ளே எங்கேயோ பழுதில்லாமல் கிடக்கிறது, தோண்டினால் அப்படியே வரும் என்பது இன்னொன்று. இரண்டும் ஆட்டம் காணும் நம்பிக்கைகள் என்பது என் கருத்து. மீண்டு வந்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் கதைதான் நிற்கும். இதை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. நம் சினிமாவும், நம் நீதிமன்றமும், காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருவரங்கத்துக் கோயில் மரபும் இதை வெவ்வேறு விதமாக அறிந்துதான் வைத்திருக்கின்றன.

1. ஒரே ஆண்டு, இரண்டு மேலுலகங்கள்

1990 ஜூனில் ‘அதிசயப் பிறவி’ வெளிவந்தது. எஸ்.பி. முத்துராமன் இயக்கம், ரஜினிகாந்த் நடிப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ‘ஃபிளாட்லைனர்ஸ்’ வந்தது. ஜோயல் ஷூமாக்கர் இயக்கிய அந்தப் படத்தில், மருத்துவ மாணவர்கள் சிலர் தங்கள் இதயத்தைத் தாங்களே நிறுத்திக்கொண்டு, சில நிமிடங்கள் கழித்து நண்பர்களின் உதவியால் உயிர் பெறுகிறார்கள். சாவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனவர்களைத் தொடர்ந்து வந்தவை அவர்களுடைய பழைய பாவங்கள். சிறுவயதில் கல்லெறிந்து சாகடித்த பையன், பள்ளியில் கேலி செய்து அழவைத்த பெண், தற்கொலை செய்துகொண்ட தந்தை.

‘அதிசயப் பிறவி’யில் அப்படி எதுவும் இல்லை. அங்கே நடப்பது அலுவலகத் தவறு. காலம் முடிவதற்கு முன்பே ஓர் உயிரை எமலோகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். திருப்பி அனுப்பலாம் என்றால் உடலை எரித்தாகிவிட்டது. அதே சாயலுள்ள இன்னோர் உடலில் ஏற்றி அனுப்புகிறார்கள். நம்மவர் சிரித்துப் பார்த்த படம். ஆனால் இதில் கேலிக்கு மேலும் ஒன்று உண்டு.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1986இல், பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இயான் ஸ்டீவன்சனும் இந்தியாவில் இறந்து பிழைத்ததாகச் சொன்ன 16 பேரின் அனுபவங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கர்கள் சொல்லும் சுரங்கப் பாதையும், கூரையிலிருந்து தன் உடலையே பார்ப்பதும் இவர்கள் பேச்சில் அநேகமாக இல்லை. தூதர்கள் இழுத்துப் போகிறார்கள். ஏட்டைப் புரட்டுபவர் ஒருவர் இருக்கிறார். ‘இந்த ஆள் இல்லை, இதே பெயருள்ள வேறு ஆள்’ என்று கண்டுபிடித்துத் திருப்பித் தள்ளிவிடுகிறார்கள். ஒருவர் அந்தக் கணக்கரிடம் தனக்கும் அங்கேயே ஏதாவது வேலை போட்டுத் தரும்படி கேட்டிருக்கிறார். மேலுலகத்திலும் அரசு வேலை தேடியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த விஷயம். இத்தகைய கதைகளில் சிலவற்றில், திரும்பி வந்தவர் சொன்னதைக் கேட்ட ஊர்க்காரர்கள் அதே பெயருள்ள இன்னொருவர் அந்த நேரத்தில் இறந்தாரா என்று கவனித்திருக்கிறார்கள். ஆச்சரியப்பட்டதோடு நிற்காமல் சரிபார்க்கவும் செய்திருக்கிறார்கள். அந்தச் சரிபார்ப்பு ஆய்வாளருக்குப் போதுமானதா என்பது வேறு கேள்வி. ஆனால் கதைக்குள்ளேயே ஒரு சாட்சியைத் தேடும் வழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது.

‘ஃபிளாட்லைனர்ஸ்’ படத்திலும் ஒரே ஓர் இடத்தில் இது நிகழ்கிறது. கெவின் பேக்கன் ஏற்ற பாத்திரம், தான் பள்ளியில் வதைத்த பெண்ணைத் தேடிப் போகிறது. அவள் இப்போது வளர்ந்து, குடும்பத்தோடு இருக்கிறாள். இவன் மன்னிப்புக் கேட்கிறான். அவளுக்கும் அது நினைவிருக்கிறது. மற்றவர்களுடைய பேய்கள் எல்லாம் அவரவர் மண்டைக்குள் இருப்பவை. இந்த ஒன்றுக்கு மட்டும் வெளியே உயிருள்ள சாட்சி இருக்கிறார். படத்தில் என் மனதில் தங்கியது அந்தக் காட்சிதான்.

2. மருத்துவமனையில் கிடைத்தது

மருத்துவ ஆய்வுகளை விரைவாகக் கடக்கிறேன். 1975இல் ரேமண்ட் மூடி எழுதிய நூலுக்குப் பிறகுதான் மரண விளிம்பு அனுபவம் என்பது உலகெங்கும் பேச்சானது. 2001இல் நெதர்லாந்தின் பிம் வான் லோமெல் குழு, பத்து மருத்துவமனைகளில் இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரை விசாரித்தது. 62 பேர், அதாவது 18 விழுக்காட்டினர், ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். மீதிப் பேருக்கு எதுவும் நினைவில்லை. எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே உடல் நெருக்கடி, ஆனால் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே கதை.

சாம் பார்னியா தலைமையில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஒரு நல்ல தந்திரம் செய்தது. மருத்துவமனை அறைகளில் உயரத்தில் தட்டுகளைப் பொருத்தி, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி படங்களை வைத்தார்கள். உடலை விட்டு மேலே மிதந்தேன் என்பவர் அந்தப் படத்தைச் சொல்லட்டும் என்பது ஏற்பாடு. 2,060 இதய நிறுத்தங்கள் பதிவாயின. ஒருவரும் படத்தைச் சொல்லவில்லை. பெரும்பாலான சம்பவங்கள் தட்டு இல்லாத இடங்களில் நடந்துவிட்டன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் குழு 2013இல் எலிகளிடமும், 2023இல் இறக்கும் தறுவாயில் இருந்த நான்கு நோயாளிகளில் இருவரிடமும், மூளையில் காமா அலைகள் திடீரென எழுந்ததைப் பதிவு செய்தது. சாகும் மூளை சும்மா இருப்பதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அது என்ன பார்த்தது என்று தெரியவில்லை. அந்த இருவரும் திரும்பி வரவில்லை.

கதை எழுதுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. எல்லா அனுபவமும் கண் விழித்த பிறகு சொல்லப்பட்டது. இதயம் நின்றபோது உண்டானதா, திரும்பும் வழியில் உண்டானதா, இரண்டு நாள் கழித்து உறவினர் பேச்சைக் கேட்டுக் கோத்ததா என்று சொல்பவருக்கே தெரியாது.

3. புதைந்ததும் மக்கியதும்

ஃபிராய்ட் தம்முடைய வேலையைத் தொல்லியலாளரின் வேலையோடு ஒப்பிட்டார். மேல்மண்ணை அகற்றிக்கொண்டே போனால் அடியில் பழைய நகரம் கிடைக்கும். அந்த உவமைதான் நூறு ஆண்டுகளாகத் திரில்லர் எழுத்தாளர்களுக்குச் சோறு போடுகிறது. அரியமங்கலத்தில் நின்றுகொண்டு இன்னோர் உவமையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. உங்கள் ஊரின் சுமார் 47 ஏக்கர் குப்பைக் கிடங்கைத் திருச்சியில் அறியாதவர் இல்லை. பல பத்தாண்டுகள் மாநகரம் கொட்டியது அங்கே மலையாக நின்றது. பிறகு இயந்திரம் வைத்துக் கிளறிச் சலித்துப் பிரித்தார்கள். அதில் யாருடைய வீட்டுக் குப்பையும் போட்டபடி திரும்பி வரவில்லை. மக்கியது மண்ணாக வந்தது, மக்காதது துண்டு துண்டாக வந்தது. இடையில் உள்ளே வாயு சேர்ந்து கோடையில் தானாகப் பற்றி எரிந்து, சுற்றியிருந்த தெருக்களை இருமவும் வைத்தது. நினைவும் உள்ளே சும்மா கிடப்பதில்லை. வேலை செய்துகொண்டே இருக்கிறது.

இது வெறும் உவமை இல்லை என்பதற்கு எலிசபெத் லாஃப்டஸின் ஆய்வு இருக்கிறது. 1995இல் வெளியானது. 24 பேரிடம் அவர்களுடைய சிறுவயது நிகழ்ச்சிகள் என்று நான்கைக் கொடுத்தார்கள். மூன்று, குடும்பத்தார் சொன்ன உண்மைகள். நான்காவது, கடை வளாகத்தில் தொலைந்துபோய் ஒரு முதியவரால் மீட்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கட்டிய கதை. ஆறு பேர் அதையும் முழுதாகவோ பாதியாகவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’. நம் ஊரில் சமயபுரம் தேர்க் கூட்டத்தில் தொலைந்துபோகாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? அதில் எத்தனை பேர் உண்மையிலேயே தொலைந்தார்கள் என்று அம்மாக்களைத்தான் கேட்க வேண்டும்.

இதில் விளையாட்டு இல்லை. ‘அதிசயப் பிறவி’ வந்த அதே 1990இல் கலிஃபோர்னியாவில் ஒருவர் கொலைக் குற்றவாளி ஆனார். அவருடைய மகளுக்கு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்ததாகச் சொல்லப்பட்ட நினைவே முக்கியச் சாட்சியம். 1995இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. இடைப்பட்ட ஆண்டுகளை அவர் சிறையில் கழித்தார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பல ஆண்டுகள் கழித்துப் பேசுவதை இதோடு சேர்த்துவிடக் கூடாது. அவர்களில் மிகப் பலர் மறந்தவர்கள் அல்லர். கேட்க ஆள் இல்லாததால் பேசாதவர்கள். மறதிக்கும் மௌனத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழ் சினிமா 1964லேயே காட்டிவிட்டது.

4. நம் படங்களில் மீண்டவர்கள்

‘புதிய பறவை’யைத்தான் சொல்கிறேன். தாதா மிராசி இயக்கம். சிவாஜி ஏற்ற கோபால், ரயில் சத்தம் கேட்டால் நிலைகுலைகிறான். இறந்துபோன மனைவி சித்ரா ஒரு நாள் வாசலில் வந்து நிற்கிறாள். உலகமே அவளைச் சித்ரா என்கிறது. அவன் ஒருவன்தான் இல்லை என்கிறான். ஏன் அவ்வளவு உறுதி? அவள் செத்தது அவனுக்குத் தெரியும். அவன் அடித்த அடியில் செத்தவள். அவனே கொண்டுபோய் ரயில் பாதையில் போட்டவன்.

கோபாலுக்குள் எந்த நினைவும் புதையவில்லை. படம் முழுக்க, எல்லோரையும்விட நன்றாக நினைவு வைத்திருப்பவன் அவன்தான். மீண்டு வந்தவள்தான் போலி, காவல் துறை விரித்த வலை. இந்தப் படத்துக்கு ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் முன்னோடிகள் உண்டு. இருந்தாலும் ‘எங்கே நிம்மதி’ என்று தேடி அலையும் மனிதனை நம் மக்கள் தம்மவனாகவே ஏற்றுக்கொண்டார்கள். நல்லவனாகத் தெரிபவனின் மௌனத்தைக் குறுக்கு விசாரணை செய்த படம் அது.

அதற்கு முந்தைய ஆண்டு ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’. நகரத்து இளைஞன் ஒருவன் கிராமத்துப் பாழடைந்த மாளிகையில் முற்பிறவியை நினைவுகூர்கிறான். காதலித்ததும், அதற்காகக் கொல்லப்பட்டதும் தெரியவருகின்றன. மறுபிறவியை நம்பாதவர்களுக்கு இந்தப் படம் எப்படி வேலை செய்கிறது? அதற்கு விடை எம்.என். நம்பியார். அவர் ஏற்ற ஜமீன்தார் நூறு வயதைக் கடந்தும் சாகாமல் இருக்கிறார். அன்றைய கொலையாளி இன்றும் உயிரோடு! இளைஞனின் நினைவைச் சரிதான் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவர்தான். வாயால் சொல்லாமல், மறுபடி கொல்ல வருவதன் மூலம் சொல்கிறார். திரைக்கதையில் இதைவிடக் கச்சிதமான சாட்சி விசாரணையை நான் அதிகம் பார்த்ததில்லை.

1982இல் பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ வந்தது. விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண் வைத்தியத்தில் குணமாகிறாள். பழைய நினைவு திரும்பும்போது, இடையில் தன்னைப் பார்த்துக்கொண்ட சீனுவோடு வாழ்ந்த காலம் அவளிடமிருந்து போய்விடுகிறது. திரில்லர்கள் எல்லாம் நினைவு மீள்வதை வெற்றியாகக் காட்டியபோது, ஒரு நினைவு மீள்வதற்கு இன்னொன்று விலையாகலாம் என்று காட்டிய படம் இது. ரயில் நிலையத்தில் சீனு படும் பாட்டை வெறும் காதல் தோல்வி என்று நான் பார்ப்பதில்லை. நடந்தது நடந்தது என்று சொல்ல உலகில் அவன் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறான். அவனைப் பார்ப்பவளுக்கோ அவன் ஒரு பைத்தியக்காரன்.

எழுத்தில் இந்த வேலையைச் செய்தவர் சீரங்கத்துப் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த சுஜாதா. ‘ஆ..!’ நாவலில் கணிப்பொறித் துறை இளைஞன் ஒருவனுக்குத் தலைக்குள் குரல்கள் கேட்கின்றன. ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் ‘ஆ’வில் முடியும். மனநோயா, முற்பிறப்பா, சூழ்ச்சியா என்று வாசகரை மூன்று பக்கமும் இழுக்கும் கதை. ‘கொலையுதிர் காலம்’ பேயா விஞ்ஞானமா என்று கேட்டது. இந்தக் கதைகளில் விசாரிப்பவர்கள் கணேஷும் வசந்தும். சுஜாதா அவர்களைத் துப்பறிவாளர்களாகப் படைக்காமல் வழக்கறிஞர்களாகப் படைத்ததில் ஒரு சூட்சுமம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. துப்பறிவாளர் தடயம் தேடுவார். வழக்கறிஞர், ‘நீங்கள் அதைப் பார்த்தீர்களா, பார்த்ததாக நினைக்கிறீர்களா?’ என்று கேட்பார். வசந்த் பேயை முக்கால்வாசி நம்பிவிடுவான், கணேஷ் விடமாட்டான். வாசகர் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

அண்மைக்காலப் படங்களில் அஷ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019) பாராட்டத் தக்கது. கொடுமை நடந்த தேதி நெருங்க நெருங்க உடலே அதை நினைவுகூர்வதைக் காட்டியது. மற்றபடி இன்றைய திரில்லர்கள் பலவும் கடைசிப் பத்து நிமிடத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு பின்கதையைக் காட்டி, அதை அப்படியே நம்பச் சொல்கின்றன. அந்தப் பின்கதை யாருடைய நினைவு என்ற கேள்வியையே அவை எழுப்புவதில்லை.

5. சட்டம் கேட்கும் கேள்வி

சாகப் போகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு அதற்கு இடம் தந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் அது 26ஆம் பிரிவு. இறந்தவர் தம் சாவின் காரணம் பற்றிச் சொன்ன வாக்குமூலம், நம்பத்தக்கதாக இருந்தால், அதை மட்டுமே வைத்துக்கூடத் தண்டிக்கலாம்.

ஆனால் வாக்குமூலம் கொடுத்தவர் பிழைத்துவிட்டால்? திரில்லர் எழுதுபவர்கள் இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பிழைத்தால் அது மரண வாக்குமூலம் இல்லை. அந்தத் தனிச் சலுகை போய்விடுகிறது. அவர் முன்பு சொன்ன ஒரு பேச்சு என்ற அளவில், அவருடைய சாட்சியத்தை வலுப்படுத்தவோ அதற்கு முரண் காட்டவோ மட்டுமே பயன்படும். மற்றபடி எல்லாச் சாட்சிகளையும் போல அவரும் நீதிமன்றத்துக்கு வந்து, உறுதிமொழி எடுத்து, எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சாவின் விளிம்பைத் தொட்டு வந்ததற்காகச் சட்டம் ஒரு மதிப்பெண்ணும் கூட்டிப் போடுவதில்லை.

மனத்தைத் தோண்டுவது பற்றியும் உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. 2010 மே 5ஆம் நாள், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் நார்கோ சோதனையோ, பாலிகிராஃபோ, மூளைப் பதிவுச் சோதனையோ நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒப்புதலோடு நடத்தினாலும் அந்தச் சோதனை முடிவு நேரடிச் சாட்சியம் ஆகாது. அதன் வழியே வெளியில் ஒரு பொருளோ தகவலோ கண்டுபிடிக்கப்பட்டால் அதை ஏற்கலாம். பேச்சு போதாது, பேச்சு காட்டிய இடத்தில் ஏதாவது கிடைக்க வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2012 மார்ச்சில் திருச்சியை உலுக்கிய ராமஜெயம் கொலை வழக்கில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உண்மை கண்டறியும் சோதனைக்குத் திருச்சி நீதிமன்றம் அனுமதி தந்ததும், சம்மதித்தவர்களுக்கு மட்டும் அது சென்னையில் நடந்ததும் நாளேடுகளில் வந்தவை. வழக்கைப் பற்றி நான் கருத்துச் சொல்லப் போவதில்லை. பத்தாண்டு மறதியை ஓர் இயந்திரம் திறந்துவிடும் என்ற நம் எதிர்பார்ப்பைத்தான் குறிக்கிறேன். அது சினிமா நமக்குக் கற்றுத் தந்த எதிர்பார்ப்பு.

6. ஈரங்கொல்லியின் நாக்கு

திருவரங்கத்துக்கு வருகிறேன். வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின் இராப்பத்து நிறைவில் நம்மாழ்வார் மோட்சம் நடக்கும். ஆழ்வாரை உற்சவர் நம்பெருமாள் திருவடியில் சேர்த்து, துளசியால் மூடுவார்கள். பிறகு, உலகத்தார் பொருட்டு அவரைத் திருப்பித் தர வேண்டும் என்று விண்ணப்பம் செய்து, துளசியை விலக்கி மீட்பார்கள். ஆண்டுதோறும் நடக்கும் இந்த மீட்சியில், என்ன பார்த்தீர் என்று ஆழ்வாரை யாரும் கேட்பதில்லை. அவர் திரும்பி வந்ததே போதும்.

ஆனால் அதே கோயில், கேட்க வேண்டிய இடத்தில் கடுமையாகக் கேட்டிருக்கிறது. 1323 படையெடுப்பில் உற்சவர் ஊரைவிட்டு எடுத்துச் செல்லப்பட்டார். பிள்ளை லோகாசாரியர் அந்தப் பயணத்தில்தான் சோதிஷ்குடியில் உயிர் நீத்தார். 1371இல் உற்சவர் திரும்பியபோது, இடைக்காலத்தில் வேறொரு திருமேனிக்கு வழிபாடு நடந்துகொண்டிருந்தது. எது பழைய திருமேனி? நேரில் கண்டவர்கள் ஏறத்தாழ எல்லோரும் மறைந்துவிட்டார்கள். கோயில் மரபு சொல்வது இது: பெருமாளின் ஈர ஆடைகளைத் துவைத்த முதியவர் ஒருவர், ஈரங்கொல்லி, மிஞ்சியிருந்தார். பார்வை போனவர். இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடைத் தீர்த்தத்தைத் தரச் சொன்னார். சுவைத்துப் பார்த்து, இவரே நம் பெருமாள் என்றார். மற்றவரும் தள்ளப்படவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறார்.

இது மரபுச் செய்தி, இதை வரலாற்று ஆவணமாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் இந்தக் கதையைக் கட்டிய மனங்களைப் பாருங்கள். சாட்சிக்குக் கண் தெரியாது, ஆகவே யாரும் முகக்குறிப்பால் விடையை ஊட்ட முடியாது. ஒன்றுக்கு இரண்டாக மாதிரிகள் தரப்படுகின்றன. அவருடைய அறிவு, கனவிலோ அருள்வாக்கிலோ வந்ததில்லை. அன்றாடம் கையில் புழங்கிய தொழிலில் ஊறியது. பார்னியாவின் குழு தட்டின் மேல் படம் வைத்த அதே கவனம், நம் ஊர்க் கதையில் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது.

7. எழுத வேண்டிய ஒரு கதை

இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு கருவைத் தந்துவிட்டுப் போகிறேன். முழுக்கக் கற்பனை.

தஞ்சாவூர்ச் சாலையில், பால்பண்ணை தாண்டி, ஓய்வு பெற்ற குப்பை லாரி ஓட்டுநர் ஒருவர் விபத்தில் அடிபடுகிறார். 108 வண்டியில் இதயம் நிற்கிறது, மீட்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் கண் விழித்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் தன் லாரியிலிருந்து கிடங்கில் சரிந்ததில் ஒரு பெண்ணின் கை தெரிந்ததாகச் சொல்கிறார். எமலோகத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்ததாகவும் சொல்கிறார். எமலோகத்தை நாளிதழ் போடும். கையைப் பற்றி யாரிடம் கேட்பது? குப்பை மலை கிளறிச் சலிக்கப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு காணாமல் போனவர் பட்டியல் காவல் நிலையத்தில் இருக்கலாம், கரையான் தின்றிருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ராத்திரியெல்லாம் செல்போனில் ஒரு திரில்லர் படத்தைச் சத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொல்கிறார். மகனோ, அப்பா இதைப் பத்து வருடத்துக்கு முன்பே குடித்துவிட்டு உளறியிருக்கிறார் என்கிறான்.

லாரியில் அவரோடு போன கிளீனர் இன்னும் காட்டூரில் இருக்கிறார். இருவருக்கும் ஏனோ பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. இன்ஸ்பெக்டர் முதலில் கதவைத் தட்ட வேண்டியது அவர் வீட்டில்.